ராத்திரியில் கர்ர் கர்ர் என்று மூச்சை இழுக்கும் நாய்

கேள்வி: டாக்டர், எங்கள் ஜிம்மி பொமேரியன் வகை. வயது 5, எடை 6 கிலோ. போன மாதம் ஒருநாள் ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் திடீரென்று நான்கு காலையும் விறைப்பாக ஊன்றி நின்றான். கழுத்தை நீட்டிக்கொண்டு கர்ர், கர்ர் என்று மூச்சை இழுத்தான். கண் இரண்டும் பிதுங்கிவிட்டது. செத்தே போய்விடுவான் என்று நான் அழுதுவிட்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். அதற்குப் பிறகு மூன்று நான்கு தடவை இப்படியே வந்துவிட்டது. என் மாமியார் ஆஸ்துமாக்காரர். இவனுக்கும் அதுதான், என் நெபுலைசரை வைத்துப் பார் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் வலிப்பு என்கிறார். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று என் கணவர் ஒரு தடவை வாய்க்குள் விரலை விட்டுக் கடி வாங்கினார். தைலம் தடவினோம். சளி மாத்திரையில் பாதி கொடுத்தோம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே துள்ளி விளையாடுகிறான். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். எங்கள் பாப்பாவுக்கு 2 வயது. இது அவளுக்கும் தொற்றுமா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஜிம்மிக்கு வருவது பெரும்பாலும் ரிவர்ஸ் ஸ்னீசிங். தமிழில் தலைகீழ்த் தும்மல் என்று சொல்லலாம். வலிப்பு இல்லை, மாரடைப்பும் இல்லை. இதனால் நாய் மூச்சடைத்துச் சாவதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் மீதியைப் படியுங்கள்.

சாதாரணத் தும்மல், மூக்கின் முன்பகுதியில் ஏதாவது உறுத்தும்போது வருவது. காற்று வேகமாக வெளியே போகும், உறுத்தியதும் அதோடு போய்விடும். உறுத்தல் மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே, மூக்கும் தொண்டையும் சேருகிற இடத்தில் இருந்தால் அதைத் தும்மித் தள்ள முடியாது. அப்போது நாய் வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாகக் காற்றை வெடுக் வெடுக்கென்று உள்ளே இழுத்து, அங்கே ஒட்டியிருக்கிற சளியையோ தூசியையோ தொண்டைக்குக் கொண்டுவந்து விழுங்கப் பார்க்கிறது. சளி பிடித்திருக்கும்போது மூக்கைச் சிந்தாமல் உள்ளுக்கே இழுத்து விழுங்குகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நாய்க்கு அது தானாக, அடக்க முடியாமல், அடுத்தடுத்து வருகிறது.

அடுத்த தடவை பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். முன்னங்கால் முட்டி இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். உதடு பின்னால் இழுபட்டிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தலை லேசாகப் பின்னால் வெட்டும். சத்தம் காற்று உள்ளே போகும்போதுதான் வரும். அந்த நேரத்திலும் அவனுக்கு நினைவு தப்பாது. பெயரைச் சொன்னால் கண் உங்கள் பக்கம் திரும்பும். கடைசியில் ஒரு விழுங்கல், மூக்கை ஒருதரம் நக்கிக்கொள்வான், முடிந்தது. வலிப்பு என்றால் கீழே விழுந்திருப்பான், கால்களை உதைத்திருப்பான், வாயில் நுரை வந்திருக்கலாம், சிறுநீர் போயிருக்கலாம். முக்கியமாக, எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யார் எவர் என்று தெரியாமல் தடுமாறியிருப்பான். எழுந்த உடனே வாலாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போயிருக்க மாட்டான். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி அதுதான். ஆஸ்துமா என்கிற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பூனைகளுக்கு ஆஸ்துமா வரும். நாய்களுக்கு மனிதர்களுக்கு வருகிற மாதிரி வருவதில்லை என்றே சொல்லலாம்.

வரும்போது என்ன செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். வீட்டில் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தால் அவன் இன்னும் பதறுவான், இழுப்பும் நீளும். தொண்டையை மேலிருந்து கீழாக விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். விழுங்கிவிட்டால் நின்றுவிடும் என்பதுதான் இதில் சூட்சுமம். மூக்குத் துவாரங்களை ஓரிரு நொடி லேசாக மூடித் திறந்தாலும் விழுங்குவான். அதற்கும் மூஞ்சியைக் காட்டாத நாயாக இருந்தால் விட்டுவிடுங்கள். விரலில் துளி தயிரைத் தொட்டு நக்கக் கொடுங்கள், அதுவும் விழுங்கவைக்கும். எதுவுமே செய்யாமல் இருந்தாலும் தானாக நிற்கும்.

தானாக நிற்பதால்தான் இதில் ஒரு சிக்கல். எதைச் செய்தாலும் பலித்த மாதிரி இருக்கும். தைலம் தடவினால் நின்றுவிடும், திருநீறு பூசினால் நின்றுவிடும், ஊசி போட்டாலும் நின்றுவிடும். அதை நம்பி அடுத்த தடவையும் அதையே செய்வோம். அதில் சில, நாய்க்கு உண்மையிலேயே ஆபத்து. தைலத்தில் கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் இருக்கின்றன. மூக்கின் மேல் தடவினால் அவன் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடுவான். நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள மூக்குக்கு அந்த நெடியே ஒரு புது உறுத்தல்.

சளி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருக்கும். 6 கிலோ நாய்க்கு அதில் பாதி என்பது, எடைக்கு எடை கணக்குப் போட்டால், 60 கிலோ மனிதர் ஒரே வாயில் 5 மாத்திரை விழுங்கியதற்குச் சமம். நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் அது பாதிக்கும். கூடவே மூக்கடைப்புக்காகச் சேர்க்கிற மருந்து ரத்த அழுத்தத்தைக் கூட்டும், இதயத்துடிப்பையும் குழப்பும். ஜிம்மி தப்பித்துக்கொண்டான், சந்தோஷம். இனி வேண்டவே வேண்டாம். சர்க்கரை இல்லாத இருமல் சிரப்புகளும் வேண்டாம். இனிப்புக்காக அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம், சிறிய அளவே போதும். மாமியாரின் நெபுலைசர் மருந்து இதயத்தைக் கன்னாபின்னாவென்று அடிக்கவைக்கும். அவருடைய இன்ஹேலரையும் உயரமான இடத்தில் வையுங்கள். பொம்மை என்று நினைத்து நாய் அதைக் கடித்துவிட்டால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் வாய்க்குள் பீய்ச்சி அடிக்கும். உயிருக்கு ஆபத்தாகிற சமாச்சாரம் அது.

இப்போது உங்கள் கணவர் வாங்கிய கடிக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது அதுதான்.

வெறிநோயில் ஒரு வகை உண்டு. அதில் நாய் யாரையும் துரத்திக் கடிக்காது. ஒரு மூலையில் ஒடுங்கும். கீழ்த்தாடை தொங்கிவிடும், எச்சில் ஒழுகும், தண்ணீர்கூட விழுங்க முடியாது, குரல் மாறிவிடும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றே தோன்றும். பாவம் என்று வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் தேடுவார்கள். எச்சில் கைக்கீறலில் பட்டாலே போதும். "எலும்பு சிக்கிய நாய்" என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் வெறிநோயை நினை, அப்புறம் எலும்பை நினை என்பது எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித்தருகிற பாடம். நம் நாட்டில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தும் இல்லை. அதனால் எவ்வளவு செல்லமான நாயாக இருந்தாலும், மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் விரலை உள்ளே விடாதீர்கள்.

ஜிம்மிக்கு இருப்பது வெறிநோய் இல்லை. அறிகுறி தொடங்கிய வெறிநோய் நாய் சில நாட்களில், அதிகம் போனால் பத்து நாளுக்குள், இறந்துவிடும். ஒரு மாதமாக வந்து வந்து போய், நடுவில் சாப்பிட்டு விளையாடிக்கொண்டு இருக்காது. கடித்து 10 நாள் தாண்டியும் அவன் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் உங்கள் கணவருக்கு வெறிநோய் வராது. ஆனால் இனிமேல் எந்த நாய் கடித்தாலும், பத்து நாள் பார்க்கலாம் என்று சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊசியை அங்கே இலவசமாகவே போடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

சரி, ஜிம்மிக்கு ஏன் ராத்திரி படுக்கிற நேரத்தில் வருகிறது? வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அந்த நேரத்தில்தானே கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறீர்கள்? அல்லது லிக்விட் மெஷினை ஆன் செய்கிறீர்கள்? நாயின் மூக்கு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் வைத்த சுருளின் புகை நமக்கு வருவதற்கு முன்னால் அவனுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுவத்தி, பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தரை, பாப்பாவுக்குப் போடுகிற பவுடர், ரூம் ஸ்பிரே, சமையலறையில் மிளகாய் தாளிக்கிற நெடி, ஏசி அறைக்குள்ளிருந்து வெக்கைக்கு வருவது, எல்லாமே இதைக் கிளப்பிவிடும். அளவுக்கு மீறிய உற்சாகமும் கிளப்பும். உங்கள் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குதித்துக் குதித்து ஆடிவிட்டு இப்படி இழுக்கிறானா என்று கவனியுங்கள். வந்த தேதி, நேரம், அதற்குச் சற்று முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் காலண்டரிலேயே குறித்து வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது ஒன்று பிடிபடும். சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலைக்கு மாறிப் பாருங்கள். அது பாப்பாவின் மூச்சுக்கும் நல்லது.

கழுத்தையும் பாருங்கள். பெல்ட், மணி கட்டிய பட்டை, திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு. பொமேரியனின் அடர்ந்த முடிக்குள் கயிறு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நடக்கக் கூட்டிப்போகும்போது மார்பைச் சுற்றிப் போடுகிற பாடி பெல்ட் போதும். சின்ன நாயைக் கழுத்தில் கட்டி இழுப்பது மூச்சுக்குழாய்க்கே கேடு.

உங்கள் டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பியதில் அவர்மேல் தவறு இல்லை. இந்தத் தொந்தரவு உள்ள நாய்கள் மருத்துவரின் மேஜையில் அதைக் காட்டுவதே அபூர்வம். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் நெஞ்சு சுத்தமாக இருக்கும், எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே கருவி உங்கள் கையில் இருக்கிற போன். அடுத்த முறை வரும்போது ஒருவர் ஜிம்மியின் பக்கத்தில் உட்காரட்டும், இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். முகம் மட்டும் போதாது. பக்கவாட்டில் நின்று மூக்கிலிருந்து வயிறுவரை முழு உடம்பும் தெரிகிற மாதிரி எடுங்கள். விளக்கைப் போடுங்கள், டிவியை நிறுத்துங்கள், சத்தம் தெளிவாகப் பதிவாக வேண்டும். நின்ற பிறகும் ஒரு நிமிடம் விடாமல் எடுங்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நான் எழுதினால் "பெரும்பாலும்" என்கிற வார்த்தை தேவைப்படாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், சின்ன நாய்களுக்கு வருகிற எல்லா மூச்சுத் தொந்தரவையும் இப்போது ரிவர்ஸ் ஸ்னீசிங் என்று சொல்லிவிடுகிற பழக்கம் வந்திருப்பதுதான். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் சமாதானமாகிவிடுகிறது. வேறு நோய் அதன் மறைவில் வளர்ந்துவிடும்.

பொமேரியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற வகைகளில் முதலில் நான் சந்தேகப்படுவது மூச்சுக்குழாய் தளர்ச்சியை. மூச்சுக்குழாய் தட்டையாகாமல் பிடித்துக்கொண்டிருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். சில நாய்களுக்கு அவை வயது ஏற ஏறத் துவண்டு, குழாய் அமுங்கிப்போகும். இதில் வருவது இருமல். வறண்ட, கரகரத்த, வாத்து கத்துகிற மாதிரியான இருமல். காற்று வெளியே வரும்போது சத்தம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வாய் திறந்திருக்கும். பெல்ட்டைப் பிடித்து இழுத்தால், தண்ணீர் குடித்தால், வெயிலில் நடந்தால், யாராவது கதவைத் தட்டினால் இருமும். ஒரு நிமிடத்தில் முடியாமல் தொடரும். முழுசாகக் குணமாகாது, ஆனால் எடையைக் குறைத்தாலே பல நாய்களுக்குப் பாதித் தொந்தரவு போய்விடுகிறது. நம் ஊரில் பொமேரியன் என்று வளர்க்கிற பல நாய்கள், அதைவிடக் கொஞ்சம் பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ் வகை. அப்படியென்றால் ஜிம்மிக்கு 6 கிலோ சரியாக இருக்கலாம். விலாவில் கை வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் ரஸ்க்கையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். பாப்பா தட்டிலிருந்து கீழே போடுவதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது சந்தேகம் இதயம். சின்ன நாய்கள் வயதானால் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, ரத்தம் பின்னுக்குக் கசியும். பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் தெரியவரும், சில வகைகளில் அதற்கு முன்பே. ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சலாகக் கேட்கும். இதயம் வீங்கத் தொடங்கிய கட்டத்திலேயே பிமோபென்டான் என்ற மருந்தை ஆரம்பித்தால் இதயம் தளர்ந்துபோவது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே வயதான நாய் இருமினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பலன் தரும்.

இதற்கு வீட்டிலேயே செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து பைசா செலவில்லை. ஜிம்மி நன்றாகத் தூங்கும்போது, ஃபேன் காற்றில் அசைகிற முடியைப் பார்க்காமல், விலா ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. போனில் 30 நொடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு காலை உதறும்போது எண்ண வேண்டாம். வெயிலில் மூச்சு வாங்கிவிட்டு வந்து படுத்த உடனேயும் வேண்டாம். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. பல நாய்களுக்கு இருபதைச் சுற்றியே இருக்கும். இரண்டு மூன்று தடவை எண்ணியும் 30-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 40-ஐத் தாண்டி, வயிறும் சேர்ந்து எக்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதை இருமலுக்கு முன்பே காட்டிக்கொடுக்கிற எண்ணிக்கை இது. நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தலைகீழ்த் தும்மல் மட்டும் இருக்கிற நாய்க்கு இந்த எண்ணிக்கை மாறவே மாறாது.

மூக்கு சம்பந்தமாகவும் சில உண்டு. ஒரு மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வந்தால் அது தலைகீழ்த் தும்மலோடு முடிகிற விஷயம் இல்லை. புல்வெளியில் ஓடிவிட்டு வந்ததும் விடாமல் தும்மி மூக்கைக் காலால் தேய்த்தால் ஒட்டுப்புல் முள் ஏறியிருக்கலாம். மலைப்பக்கம் ஓடையில் தண்ணீர் குடித்த நாயின் மூக்குக்குள் அட்டை இருந்து எடுத்ததும் உண்டு. ஆனால் நான் அதிகம் பார்ப்பது பல். டேஷண்ட், பொமேரியன் போன்ற சின்ன நாய்களின் மேல் கோரைப்பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற எலும்பு மிக மெல்லியது. ஈறு நோய் முற்றி வேர் பழுத்தால் அந்த எலும்பு அரித்து, வாயிலிருந்து மூக்குக்கு ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் குடிக்கிற தண்ணீர்கூட மூக்குக்குப் போகும். நாய் தும்மும், உள்ளேயும் இழுக்கும். எத்தனை ஊசி போட்டாலும் நிற்காது; பல்லைப் பிடுங்கி ஓட்டையைத் தைத்தால் நிற்கும். ஜிம்மியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து வயதில் கோரைப்பல்லின் அடியில் பழுப்பாகக் காரை படிந்திருந்தாலோ வாய் நாறினாலோ பல்லைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மூக்கிலும் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பக் வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு ஹட்ச் நாய் என்றே பெயர் வாங்கி வீட்டுக்கு வீடு வந்த வகை அது. அதன் குறட்டையையும் கர்ர் சத்தத்தையும் சுபாவம் என்று ரசிக்கிறோம். மூக்குத் துவாரம் கோடு மாதிரி ஒடுங்கி, அண்ணம் நீண்டு தொண்டையை மறைப்பதால் வருகிற சத்தம் அது. நாள் முழுக்கச் சத்தம் போட்டால் அது தலைகீழ்த் தும்மல் இல்லை, மூச்சுப்பாதை அடைப்பு. இளவயதிலேயே அறுவை செய்து துவாரத்தை அகலப்படுத்தலாம். அக்னி நட்சத்திர நாட்களில் இந்த நாய்களைக் காலை 10 மணிக்கு மேல் வெளியே விடவே கூடாது. மூச்சு வாங்கித் தள்ளாடினால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனுக்கடியில் வைத்து, சூடு தணியத் தணியத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

உண்மையிலேயே அடைத்துக்கொள்வதும் நடக்கும். கோழி எலும்பு, மாங்கொட்டை, ரப்பர் பந்து. அப்போது நாய் வாயைத் திறந்து திறந்து மூடும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், பதற்றம் ஏறிக்கொண்டே போகும், தானாக நிற்காது. சின்ன நாயானால் அதன் முதுகை உங்கள் மார்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்து, விலா முடிகிற இடத்துக்குக் கீழே வயிற்றை உள்ளுக்கும் மேலுக்குமாக நான்கைந்து தடவை வேகமாக அழுத்துங்கள். வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்த ஒரு வாரத்தில் தொண்டையைச் செருமிச் செருமி வெள்ளை நுரை கக்கினால் அது கென்னல் இருமல். எலும்பு சிக்கியதாக இதையும் நினைப்பார்கள். மற்ற நாய்களிடமிருந்து ஒதுக்கிவைத்து மருத்துவரிடம் காட்டினால் போதும்.

எந்த நேரமானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது எப்போது என்றால்: நாக்கு நீலமாகவோ வெளுத்தோ போனால், மயங்கி விழுந்தால், படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருந்தால், வாயைத் திறந்து வயிற்றால் எக்கி மூச்சு விட்டால். ஈறைப் பார்க்கச் சொல்வார்கள். பல நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு. நாக்கைப் பாருங்கள், அல்லது கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்கள். நன்றாக இருக்கிற நாளில் ஜிம்மியின் நாக்கு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான் மாறுவது தெரியும்.

மாதத்துக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், இடையில் நல்ல பசி, நல்ல ஓட்டம் என்றால் ஜிம்மிக்கு மருந்தே வேண்டாம். தினமும் வந்தாலோ, இரண்டு மூன்று நிமிடத்துக்கு நீண்டாலோ, புதிதாக இருமல் சேர்ந்தாலோ பரிசோதனை வேண்டும். மயக்கம் கொடுத்து மூக்கின் பின்பக்கத்தை ஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வைத்துப் பார்க்க நேர்ந்தால், 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் அதற்கு வசதி இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் தேனியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முதலில் அங்கே விசாரியுங்கள்.

பாப்பாவுக்கு இது தொற்றாது. பக்கத்தில் படுத்துத் தூங்கலாம், கட்டிப்பிடிக்கலாம். இழுப்பு வருகிற அந்த ஒரு நிமிடம் மட்டும் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். பதறிய நாயின் முகத்துக்கு நேரே 2 வயதுக் குழந்தை போகக் கூடாது. அப்புறம், ஜிம்மியின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். போகும்போது வீடியோவையும் காலண்டரில் குறித்த தாளையும் கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் எண்ணிய மூச்சு எண்ணிக்கையையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.